கையைச் சுடாத ஆசிட்

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் என் வீட்டுக்காரர் புளியை விட்டுவிட்டார்.

சாராயத்தை விட்டவர்கள், பீடியை விட்டவர்கள், கோபத்தில் பெண்டாட்டியையே விட்டவர்கள்கூடத் திருவொற்றியூரில் உண்டு. புளியை விட்ட மனிதரை எங்கள் தெரு அதற்கு முன் கண்டதில்லை. அந்தப் பெருமை என் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

அவர் தூத்துக்குடிக்காரர். எண்ணூர்ப் பக்கம் உரமும் ஆசிடும் காய்ச்சும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து மெட்ராஸுக்கு வந்தவர். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். எனக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை. ஐம்பதுகளின் தொடக்கம் அது. இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் இருக்கட்டும் என்று திருவொற்றியூரில் ஒரு போர்ஷன் எடுத்துக் குடியேறினோம். அவர் வடக்கே சைக்கிளில் போவார், நான் தெற்கே நடந்து போவேன்.

ஆசிட் என்ற சாமானை நான் முதலில் அறிந்தது துணி துவைக்கும் கல்லில். அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துப் பிழிந்தேன். முதுகுப்பக்கம் முழுசாக என் கையோடு வந்துவிட்டது. புதுப் பெண், புதுச் சட்டை. பயந்துபோய் அழுதேன். மாலையில் வந்தவர் கந்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அழாதட்டி. நீ துவைச்சதுல கிழியல. ஆசிட்டு தெறிச்சிருக்கு. காய்ஞ்சு கெடக்கும்போது தெரியாது, தண்ணில நனைச்சாப் பிஞ்சுரும்."

பிள்ளைக்கு முதல் பல் முளைத்த செய்தி சொல்கிற தகப்பன் மாதிரி அத்தனை பெருமையாகச் சொன்னார். அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் ஆசிட் கதைதான். ஈயத் தகடு அடித்த பெரிய பெரிய அறைகளில் அதைக் காய்ச்சுகிறார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சர்க்கரையைப் போட்டு மேலே ஆசிடை ஊற்றினால், சர்க்கரை கறுத்துப் பொங்கிக் கரிக்கட்டையாக எழும்பி நிற்கும். இரும்பு ஆணியைப் போட்டால் நுரைத்துக் கரையும். கேட்டுக் கேட்டு, அந்தத் தொழிற்சாலையையே இவர்தான் தனியாளாகக் கட்டி மேய்க்கிறார் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை. நீல நிறத்தில் மெல்லிய காகிதத் துண்டுகள். லிட்மஸ் என்றார். ஆசிட் பட்டால் நீலம் சிவக்குமாம். நான் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டைக் கிழித்து அதில் நனைத்தார்.

"பாத்தியாட்டி? செவந்துட்டு."

"செவந்தா இன்னா?"

"இதுவும் ஆசிட்டு."

"புளி புளிக்கும்னு எங்க அம்மாவுக்கும் தெரியும். அதுக்கு ஒரு காயிதம் வேணுமா?"

அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து நனைத்தார். தயிரில் நனைத்தார். தக்காளியில், ஊறுகாய்க்கென்று என் அம்மா கொடுத்தனுப்பியிருந்த காடி வினிகரில், காலையில் மீந்த நீராகாரத்தில். எல்லாம் சிவந்தன. ஒவ்வொன்று சிவக்கும்போதும், தேடிக்கொண்டிருந்த கேடியைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் போல் தலையை ஆட்டினார். கடைசியில் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இரும்பைத் திங்குதது கொடலை விட்டு வைக்குமா? அங்க ஈயத்துல அறை கட்டி அடைச்சு வச்சிருக்கோம். இங்க தெனம் கரைச்சுக் குடிச்சிட்டிருக்கோம். நாளையிலருந்து இதெல்லாம் நம்ம வீட்டுல வேண்டாம்."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து அம்மா ராயபுரத்திலிருந்து வந்தாள். கையில் காசிமேட்டு வஞ்சிரம். அவள் மருமகன் போட்ட சட்டப்படி நான் அதைப் புளி இல்லாமல் காய்ச்சினேன். அம்மா ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். மெல்லாமல் என்னையே பார்த்தாள்.

"இன்னாடி இது? மீனுக்குக் காய்ச்சலா? பத்தியம் வச்சிகீற?"

நான் அவரைக் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். இரும்பு, ஈயம், குடல், காகிதம் எல்லாம் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் படித்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது அவள் வழக்கம். கேட்டு முடித்துத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மாப்ளே, சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. கொயம்புல புளி ஊத்தலன்னா அந்த மீனு செத்ததுக்கே அர்த்தம் இல்ல."

"மாமி, இவ்வளவு நாள் நீங்க தப்பிச்சது ஆண்டவர் புண்ணியம்."

"எங்க நைனா பல்லு போற வரிக்கும் புளி துன்னுச்சு. பல்லு போனப்பால கரைச்சிக் குடிச்சுது" என்று சொல்லிக்கொண்டே அம்மா கை கழுவப் போனாள்.

சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு நாள் வேலைதான். அதைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்குத் தினமும் வேலை. சோதனையில் அகப்படாத புளிப்பு எது என்று நான் தேட ஆரம்பித்தேன். சீசன் வந்தபோது மாங்காய். "புளி இல்ல, மாங்கா" என்றேன், உண்மைதானே. அது முடிந்ததும், காலையில் தெருவில் கூவி வரும் தெலுங்குக்காரம்மாவிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிக் கடைந்து வைத்தேன்.

"இது என்ன கீரை?"

"கோங்கூரா. தெலுங்குக்காரங்க கீரை."

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கினார். "பாத்தியாட்டி, புளியே இல்லாம என்ன ருசி! மனசு வச்சா முடியும்" என்றார். கோங்கூரா என்பது புளிச்சகீரைதான் என்று அவருக்குத் தெரியாது. தெலுங்குப் பெயரில் வந்ததால் என் கீரை தப்பித்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. எதிர்க்காற்றில் எண்ணூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர், தெருமுனைக் கடையில் ஒரு கோலி சோடா வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து குடிப்பார். அன்று ஏப்பம் விட்டபடி, பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு எலுமிச்சை சர்பத் கொடுத்ததைப் பெரிய குற்றமாகப் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய குட்டிப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, அவர் கையிலிருந்த பாட்டிலுக்குள் விட்டு எடுத்தேன். நீலம் மெதுவாகத் திராட்சை நிறத்துக்குச் சிவந்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். சூட்டோடு சூடாக நான் கோங்கூரா விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தவர் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகச் சொன்னார்: "நம்ம கெமிஸ்ட்டுகிட்ட கேட்டேன். என்னையப் பாத்துச் சிரிக்காருட்டி."

இதற்காகத்தான் இந்த மனிதரை என்னால் ஒரு நாளைக்கு மேல் கோபித்துக்கொள்ள முடிந்ததில்லை. தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார்.

தொழிற்சாலைக் கெமிஸ்ட் காலேஜில் படித்தவர், அதிகம் பேசாதவர். அன்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாராம். "புளியை விட்டு ஓடலாம்பா. வயித்தை விட்டு எங்கே ஓடுவே?" என்றாராம். நம் வயிறே ஒரு ஆசிட் சுரக்கிறது. நம் ஆள் வேலை செய்யும் கொட்டகையில் கண்ணாடி ஜாடிகளில் வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறார்களே, அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட். புளியும் எலுமிச்சையும் அதன் முன்னால் பச்சைப் பிள்ளைகள்.

"அப்போ வயிறு ஏன் வெந்துபோகல?" என்று நான் கேட்டேன்.

"அதையும் கேட்டேன். உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்காம். கரையக் கரையப் புதுசா சுரந்துகிட்டே இருக்குமாம். தொண்டையில அந்தப் பூச்சு கெடையாது. அதுனாலதான் எதுக்களிச்சு மேல வந்தா நெஞ்சு எரியுது."

இன்னும் சொன்னார். ஆசிட் என்று பெயர் வைத்ததெல்லாம் ஒரே குணம் இல்லை. சில ஆசிட் தண்ணீரில் இறங்கியதும் தன் வீரியத்தை முழுசாக அவிழ்த்து விட்டுவிடும். சிலது அதில் கொஞ்சத்தை மட்டும் விட்டு மீதியை மடியிலேயே கட்டி வைத்துக்கொள்ளும். புளியும் எலுமிச்சையும் காடியும் இரண்டாவது ரகம். அதிலும் எத்தனை தண்ணீரில் எத்தனை கலந்திருக்கிறது என்பது பெரிய விஷயம். ஊறுகாய்க் காடியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் சேராத அதே காடிச் சத்து தொழிற்சாலையில் பாட்டிலில் இருக்கிறது, கெமிஸ்டின் விரலில் அது பட்டு வெந்த தழும்பு இன்னும் போகவில்லை. ஈய அறையில் காய்ச்சும் கந்தக ஆசிடோ, வீரியமும் உண்டு, தாகமும் உண்டு. தொட்ட இடத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். சர்க்கரை கரியானதும் சட்டை கந்தலானதும் அதனால்தான்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. என்னைக் கேட்டால் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு மரத்திலிருந்து இறங்கினால் தரையில் நிற்கிறவர் இல்லை. அடுத்த மரத்தில் ஏறிவிடுவார். கெமிஸ்ட் சொன்னதையெல்லாம் பிழிந்து தானே ஒரு வேதவாக்கியம் செய்துகொண்டார்: "வீரியமான ஆசிட்டு கெட்டது, மெலிஞ்ச ஆசிட்டு நல்லது. கையைச் சுடாதது வயித்தையும் சுடாது."

புளி வீடு திரும்பியது. முதல் நாள் குழம்பை அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து, ஐந்தாறு மாதம் தவறவிட்டதை ஒரே வேளையில் ஈடுகட்டிவிடுவாரோ என்று பயந்தேன்.

கடலோரத்தில் பித்தளை வைத்திருப்பது ஒரு தண்டனை. அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த இரண்டு மெழுகுவத்தித் தண்டுகள் உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடந்தன. களிம்பு படிந்த தண்டுகளைப் பார்த்தாலே அம்மா முகம் வாடும். ஒரு நாள் அவர் தொழிற்சாலையிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் வெள்ளைப் பொடி கொண்டுவந்தார். கல்கண்டைப் பொடித்த மாதிரி மினுமினுவென்று இருந்தது. துருவும் மைக்கறையும் எடுக்க அங்கே வைத்திருப்பார்களாம். ஆக்ஸாலிக் ஆசிட். அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டி உருட்டி நாலைந்து தரம் சொன்னார். தண்ணீரில் குழைத்துத் தேய்த்ததும் தண்டுகள் பொன்னாகப் பளபளத்தன.

அம்மா அன்று அங்கேதான் இருந்தாள். "ஐயே, ஆசிட்டா? வூட்ல எதுக்கு மாப்ளே?" என்று பின்னால் நகர்ந்தாள்.

அவருக்கு அதுதான் வேண்டும். பொடியை உள்ளங்கையில் கொட்டி நீட்டினார். "பாருங்க மாமி. கையில வச்சிருக்கேன். சுடுதா? ஒண்ணும் செய்யல. இது சாது. எலுமிச்சம்பழத்துல இருக்கதுக்கு இது தங்கச்சி."

"மெய்யாலுமா?"

"கெமிஸ்ட்டே சொல்லியிருக்காரு, இது மெலிஞ்ச ரகம்னு."

அம்மா படித்தவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள். அவர் பாட்டிலை மூடி, அடுக்களைப் பலகையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் வைத்தார். பெயர் எழுதி ஒட்டவில்லை. உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத்தான் தெரியுமே! நானும் அதைப் பார்த்தேன். எடுத்து வேறு இடத்தில் வைக்கத் தோன்றவில்லை. இந்தக் கதையில் என் பங்கு தவறு அது. இத்தனை நேரம் அவரைக் கேலி செய்தவள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

நல்ல வெயில் காலத்து ஞாயிறு. பூசை முடிந்து அம்மா எங்களோடு வந்தாள். அவரும் நானும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டோம். அம்மா தானே அடுக்களைக்குள் போய் சர்பத் கலக்கினாள். முதல் டம்ளர் மாப்பிள்ளைக்கு, இரண்டாவது எனக்கு. மருமகன் என்றால் மாமியார் கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று தூத்துக்குடியில் சொல்லி வளர்த்திருப்பார்கள் போல. இரண்டு மடக்கு குடித்தார். முகம் கோணியது. "நல்லா இருக்கு மாமி" என்றார். மூன்றாவது மடக்கும் குடித்தார்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் எத்தன போட்டீங்க மாமி?"

"எலுமிச்சம்பயம் எங்க கீது? ரெண்டும் காஞ்சி கெடந்துச்சு. நீங்க சொன்னீங்களே, அந்தத் தங்கச்சிய ஒரு ஸ்பூனு போட்டேன்."

என் டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நான் எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. தரையெல்லாம் சர்பத். அவர் முகம் வெளுத்து வேர்த்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஆனால் தொழிற்சாலைக்காரர் அல்லவா, அந்த நிலையிலும் வைத்தியம் அவருக்கே தெரிந்திருந்தது.

"சோடா உப்பு. தண்ணில கரைச்சுக் குடுங்க. ஆசிட்டு பட்டா நாங்க அதத்தான் போடுவோம். சீக்கிரம்!"

ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா உப்பை எடுக்க அம்மா ஓடினாள். நான் அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா வீடு இருந்தது. என் கணவரைவிட இளையவர், படித்து முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எந்த ஆசிட்?"

அந்தப் பெயரை நாலைந்து தரம் கேட்டிருந்தேனே, அது நாக்கில் இருந்தது. ஆக்ஸாலிக் என்றேன். எவ்வளவு என்றார். மூன்று மடக்கு என்றேன்.

"என்ன குடுத்தீங்க?"

"சோடா உப்பு கரைச்சிக்கினு..."

"வேண்டாம்! சோடா குடுக்கவே கூடாது. நீங்க டீச்சர்தானே, வீட்டுல சாக்பீஸ் இருக்கா? இடிச்சுப் பால்ல கலந்து குடுங்க. ஓடுங்க. நான் பையை எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

நான் அப்படி ஓடியது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்குள் நுழைந்தபோது சோடாத் தண்ணீர் டம்ளர் அவர் வாயருகில் இருந்தது. கூப்பிட மூச்சில்லை. ஒரே அடி. டம்ளர் சுவரில் மோதி உருண்டது. கட்டிய கணவன் கையில் இருந்ததைத் தட்டிவிட்ட பெண்ணை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

என் பள்ளிக்கூடப் பையில் சாக்பீஸ் இருந்தது. அம்மிக் குழவியால் நசுக்கிப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார், வாந்தி எடுத்தார், மறுபடியும் கொடுத்தேன். டாக்டரம்மா வந்து நாடி பார்த்தார், ஊசி போட்டார், மீதிச் சாக்பீஸையும் இடிக்கச் சொன்னார். அப்புறம் ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் அவருக்கு வெள்ளை மீசை. துடைத்துவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மடக்குதான் என்பதால் பிழைத்தார். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்று நான்கு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் டாக்டரம்மா பார்க்க வந்தார். என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்ததும் முதலில் வந்தது சந்தேகம்தான்.

"டாக்டரம்மா, ஆசிட்டுக்கு சோடா போட்டா முறிஞ்சிரும். அது தப்பா?"

"புளிப்பு முறிஞ்சிடும். விஷம் முறியாது" என்றார் அவர். "உங்க கந்தக ஆசிட் கெடுக்கறது அதோட வீரியத்தால. தொட்ட இடத்தைச் சுடும். இது அப்படி இல்ல. வயித்துல எரிச்சல் குடுக்கறது பாதிதான். ரத்தத்துக்குள்ள போனதும் அங்க இருக்கற சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சுக்கும். அந்தச் சத்து இல்லேன்னா இதயமும் சதையும் வேலை செய்யாது. பிடிச்ச ரெண்டும் சேர்ந்து மணலாகி சிறுநீரகத்தை வேற அடைக்கும். சோடா போட்டாலும் அந்தப் பிடிக்கற குணம் போகாது, கரைஞ்சேதான் இருக்கும். சாக்பீஸ்லயும் பால்லயும் சுண்ணாம்பு இருக்கு. வயித்துலயே அதைப் பிடிக்கக் குடுத்துட்டோம்னா உள்ள போகாது."

"கையில வச்சா ஒண்ணுமே செய்யலியே?"

"கைக்கு என்ன தெரியும்? கைதான் சாப்பாட்டைச் செரிக்குதா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

"அப்போ எலுமிச்சம்பழம்?" என்று மெலிந்த குரலில் கேட்டார்.

"அதுல இருக்கற ஆசிடை நம்ம உடம்பே தினமும் தயார் பண்ணி எரிச்சிக்கிட்டிருக்கு. வந்தா என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியும். புளியில இருக்கறதைக் கொஞ்சம் எரிச்சிட்டு மீதியை வெளியே தள்ளிடும். ஆசிடா இல்லையான்னு கேக்காதீங்க. எவ்வளவு வீரியம், எவ்வளவு தண்ணில, உள்ள போய் அது யாரைப் பிடிக்குது, உடம்புக்கு அதைக் கழிக்கத் தெரியுமா, இதைக் கேளுங்க."

இத்தோடு அவர் விடைபெற்றிருந்தால் என் சமையலுக்கு நல்லதாயிருக்கும். போகிற போக்கில், "பசலைக்கீரையிலகூட இந்த ஆக்ஸாலிக் கொஞ்சம் இருக்கு. சாப்பிடற அளவுக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பாதி மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. ஆறு மாதம் எங்கள் வீட்டில் பசலைக்கீரை இல்லை. நானும் வாதாடவில்லை. செத்துப் பிழைத்து வந்தவருக்கு அந்த அளவு சலுகை கொடுக்கலாம்.

ஆனால் அம்மா வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை தினமும் வந்தவள், அவர் வீடு திரும்பிய பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "மருமவனுக்கு வெசம் வச்சவன்னு என் கையே என்னப் பாத்து சொல்லுதுடி" என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குக்கூட வேறு கோயிலுக்குப் போனாள். இப்படி இரண்டு மாதம்.

ஒரு ஞாயிறு அவர் என்னையும் கூப்பிடாமல் சைக்கிளை எடுத்தார். எங்கே என்றேன். ராயபுரம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அம்மா வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முகம் காட்டவில்லை.

"மாமி, ஒரு காப்பி குடுங்க" என்றார்.

"கடையில வாங்கியாறச் சொல்றேன் மாப்ளே."

"கடைக் காப்பிக்கா நான் இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தேன்?"

அம்மா கதவை விட்டு நகர்ந்தாள். பிறகு அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. டம்ளரோடு வந்தவள் அவர் முன்னால் நின்று, "நான் ஒரு வாய் குடிச்சிட்டுத் தரேன்" என்றாள். அவர் எழுந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, சூட்டோடு சூடாகக் குடித்து முடித்தார். காப்பியிலும் ஆசிட் உண்டு என்று என் வாய் நுனிவரை வந்தது. என் ஆயுளில் நான் சும்மா இருந்த நல்ல தருணங்களில் அது ஒன்று.

"நீங்க ஒண்ணும் தப்பு செய்யல மாமி" என்றார் அவர். "நான் சொன்னதைத்தான செஞ்சீங்க? பாட்டில்ல பேர் எழுதி ஒட்டாதது என் தப்பு."

"ஒட்டியிருந்தா மட்டும்?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு எயுத்து தெரியுமா இன்னா?"

அவருக்கு அது வரை அது தோன்றவே இல்லை. என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் யோசனையாகவே வந்தார். அடுத்த வாரம் என் பழைய சிவப்புப் பாவாடை ஒன்றைக் கேட்டு வாங்கி, ரிப்பன் ரிப்பனாகக் கிழித்துத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனார். முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் காத்திவாக்கத்திலிருந்தும் அங்கே வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. கெமிஸ்டிடம் கேட்டுக்கொண்டு, வாயில் வைத்தால் ஆபத்தான பாட்டில் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். கையைச் சுடுவது, சுடாதது என்று பார்க்கவில்லை. கெமிஸ்ட் இந்த முறை சிரிக்கவில்லையாம், முடிச்சுப் போட அவரும் கூட நின்றாராம்.

மறு ஞாயிறு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் சிவப்புத் துணி விவரத்தையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் முகத்தில் பழைய குறும்பு தெரிந்தது.

"அந்தத் துணி ரவ மிச்சம் இருந்தா மாப்ளே கயுத்துலயும் ஒண்ணு கட்டி வுடுடி."

அவர் சோறு வாயில் இருக்கும்போதே சிரித்துப் புரையேறினார். அம்மாதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.